ஃபெர்னாண்டோ ஃபெர்னான் கோமெஸ்: ஸ்பானிய மேடையும் திரையும் பற்றிய கேள்வி பதில்

ஸ்பானிய நடிகரும் இயக்குநருமான ஃபெர்னான் கோமெஸைப் பெருவில் பிறந்தவர் என்கிறார்கள், அர்ஜென்டினாக்காரர் என்கிறார்கள், ஸ்பானியர் என்கிறார்கள். எது சரி சார்?

மூன்றும் சரி. தாய் கரோலா ஃபெர்னான் கோமெஸ் நாடக நடிகை. குழுவோடு தென் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது, 1921 ஆகஸ்ட் 28 அன்று பெருவின் லிமாவில் இவரைப் பெற்றார். பிறப்பைப் பதிவு செய்தது பயணத்தில் அடுத்து வந்த அர்ஜென்டினாவின் புவெனோஸ் அயர்ஸில். அதனால் காகிதப்படி அர்ஜென்டினாக்காரர். சிறு பிள்ளையாகவே மாட்ரிட் வந்து பாட்டியிடம் வளர்ந்தார். ஆனாலும் ஸ்பானியக் குடியுரிமை 1984இல்தான் கிடைத்தது. அதற்குள் அந்நாட்டின் முதல் வரிசை நடிகராகி நாற்பதாண்டு ஆகியிருந்தது.

அப்பா பெயரே எங்கும் இல்லையே?

அப்பா லூயிஸ் ஃபெர்னாண்டோ தியாஸ் தெ மெந்தோசா. ஸ்பானிய மேடையின் பேரரசியாக இருந்த மரியா கெரேரோவின் மகன். அவர் கரோலாவை மணக்கவில்லை, பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஏற்கவும் இல்லை. அதனால் 'ஃபெர்னான் கோமெஸ்' முழுவதும் தாய்வழிப் பெயர். நூலகப் பட்டியலில் 'கோமெஸ்' என்று தேடினால் அகப்படமாட்டார், 'ஃபெர்னான்' என்று தேடுங்கள். பழைய விளம்பரங்களில் இரண்டுக்கும் நடுவே இணைப்புக்கோடு போட்டிருக்கும், ஆள் ஒருவர்தான். இயக்குநர் புனுவெலின் படங்களில் வரும் ஃபெர்னாண்டோ ரேயோடு இவரைக் குழப்புகிறவர்கள் நிறைய. ரே மெலிந்த பிரபு சாயல், இவர் செம்பட்டை முடி, பெரிய மூக்கு, அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல்.

நடிப்பை எங்கே கற்றார்?

ஸ்பானிய உள்நாட்டுப் போர் (1936-39) நடந்துகொண்டிருந்த மாட்ரிட்டில். அனார்க்கிஸ்ட், அதாவது அரசே வேண்டாம் என்னும் கொள்கையுடைய, தொழிற்சங்கமான சி.என்.டி. நடத்திய நடிப்புப் பள்ளியில் படித்தார். 1938இல் லாரா பினியோஸ் குழுவில் சேர்ந்து தொழில்முறை மேடை ஏறினார். போர் முடிந்ததும் நாடகாசிரியர் என்ரிகே ஹார்தியெல் போன்செலாவின் கண்ணில் பட்டார். திருடர்களைப் பற்றிய அவருடைய ஒரு நகைச்சுவை நாடகத்தில் 'செம்பட்டையன்' என்ற சிறு வேடம் கிடைத்தது. அங்கிருந்துதான் சினிமாக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

அந்தக் கால ஸ்பானிய நாடகக் குழு எப்படி இயங்கியது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

இது தெரியாமல் அவருடைய நடிப்பு விளங்காது, அதனால் நீட்டியே சொல்கிறேன்.

குழுவில் சேருகிற புதியவர் 'மெரிதோரியோ'. சம்பளம் கிடையாது, அல்லது பெயருக்குக் கொடுப்பார்கள். தட்டு ஏந்தி வருவது, கடிதம் கொடுத்துவிட்டுப் போவது போன்ற வேடங்கள். அதற்கு மேலே இளம் நாயகன், நடுவயதுப் பெண் வேடக்காரி, தலைமை நடிகர் என்று படிகள். யாருக்கும் முழு நாடகம் கையில் வராது. அவரவர் வசனமும், அதற்கு முன்னால் எதிராளி பேசும் கடைசிச் சில சொற்களும் மட்டும் எழுதிய தாள் வரும். ஒத்திகை சில நாட்கள்தான், ஏனென்றால் கூட்டம் குறைந்தால் உடனே நாடகத்தை மாற்றியாக வேண்டும். மேடை விளிம்பில் சிப்பி போன்ற ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்தபடி ஒருவர் எல்லா வசனத்தையும் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

இதில் கோளாறு எங்கே வரும் என்றால், நடிகரின் காது கூண்டின் பக்கம் போய்விடும். எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் காலியான இடத்தைப் பார்த்துப் பேசுவார். வசனம் கிடைக்கும்வரை சமாளிக்க ஒரு இருமல், ஒரு பெருமூச்சு. நாளடைவில் அந்தப் பெருமூச்சே 'நடிப்பு' என்று பெயர் வாங்கிவிடும். ஃபெர்னான் கோமெஸ் இந்தப் பள்ளியில் வளர்ந்தும் அந்தப் பழக்கத்திலிருந்து தப்பியவர். எதிராளியைக் கேட்டுவிட்டுப் பேசுவார். என் கணிப்பில் அவருடைய மிகப்பெரிய பலம் அதுதான், குரல் இரண்டாவதுதான்.

நாளுக்கு இரண்டு காட்சி என்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. மதியம் ஒத்திகை, மாலை ஒரு ஆட்டம், இரவு ஒரு ஆட்டம். 1975 பிப்ரவரியில் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று ஒரு நாளுக்கு ஒரு காட்சி என்பது.

ஊர் ஊராகப் போன எளிய குழுக்களின் கதையை அவரே வானொலித் தொடராக எழுதினார். பிறகு நாவலாக்கினார், 1986இல் 'எல் வியாஹே அ நிங்குனா பார்த்தே' என்று படமாகவும் எடுத்தார். 'எங்கும் போகாத பயணம்' என்று பொருள். சினிமாப் பெட்டி ஊருக்குள் வந்ததும் குழுவின் வசூல் எப்படி வற்றுகிறது என்பதை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய வேறு ஸ்பானியப் படத்தைச் சொல்ல முடியவில்லை.

1940, 50களில் ஏன் இத்தனை சாதாரணப் படங்களில் நடித்தார்?

வயிற்றுப்பாடு. 1943இல் 'கிறிஸ்தினா குஸ்மான்' படத்தில் தொடங்கினார். கடற்படைப் படம், பாதிரியார் படம் என்று சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்கு உகந்தவை வரிசையாக வந்தன. 1951இன் 'பலராசா' அவரை நட்சத்திரமாக்கியது. அந்தப் புகழையும் பணத்தையும் கொண்டுதான் தனக்குப் பிடித்ததைச் செய்தார். பெர்லாங்காவும் ஹுவான் அந்தோனியோ பார்தெமும் சேர்ந்து இயக்கிய முதல் படமான 'எசா பரேஹா ஃபெலிஸ்'ஸின் நாயகன் இவர்தான். 1949இல் 'காஃபே ஹிஹோன்' குறுநாவல் பரிசைத் தொடங்கி வைத்தவரும் இவரே. வணிகப் படங்களை ஒதுக்கிவிட்டு அவரை மதிப்பிடுவது தவறு. அவை இல்லையென்றால் மற்றவையும் இல்லை.

இயக்குநராகத் தணிக்கையிடம் அகப்பட்டாரா?

நன்றாகவே. ஆனால் வெறும் தடை என்று நினைக்காதீர்கள், படத்தைத் திரையரங்குக்கு வரவிடாமல் சாகடிப்பதும் ஒரு முறை. 'எல் முந்தோ சிகே' 1963இல் எடுத்தது. மாட்ரிட்டின் ஒரு ஏழைக் குடும்பத்தில் அக்கா தங்கை இருவருக்குள் பகை, கணவன் சூதாட்டக்காரன், பணம் வந்தால் பாவமும் மறைந்துபோகிறது. 1965இல் பில்பாவோவில் சத்தமில்லாமல் வெளியாகி மறைந்தது. மாட்ரிட்டில் உரிய வெளியீடு கிடைத்தது 2015இல், அவர் இறந்து எட்டாண்டு கழித்து. 'எல் எஸ்த்ரான்யோ வியாஹே' 1964இல் முடிந்தும் ஐந்தாண்டு பெட்டியிலேயே கிடந்தது. இன்று அது ஸ்பானிய சினிமாவின் தலையாய படங்களில் ஒன்று.

'லா விதா போர் தெலாந்தே' (1958) படத்தில் ஒரு விபத்துக்குத் திக்குவாய்ச் சாட்சி. ஹோசே இஸ்பெர்ட் திக்கித் திக்கிச் சொல்லும்போது, திரையில் ஓடும் விபத்துக் காட்சியும் கூடவே திக்குகிறது. படத்தொகுப்பு படிப்பவர்கள் அந்த ஒரு காட்சிக்காகவாவது தேடிப் பாருங்கள்.

நான் நடிப்பு மாணவி. எந்தக் காட்சிகளைப் பார்த்துப் பயில வேண்டும் ஐயா?

இரண்டு போதும் அம்மா, ஆனால் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

முதலாவது, விக்டோர் எரிசேயின் 'எல் எஸ்பிரிது தெ லா கோல்மேனா' (1973). தேனீ வளர்க்கும் தந்தை வேடம். தப்பியோடி வந்து கொல்லப்பட்டவனுக்கு மகள் ஆனா ரகசியமாகக் கொடுத்திருந்த அவருடைய கோட்டும் சட்டைப்பைக் கடிகாரமும் திரும்பக் கிடைத்த பின், காலை உணவு மேசையில் கடிகாரத்தைத் திறக்கிறார். அது இசைக்கிறது. மகள் ஆனாவின் முகத்தைப் பார்க்கிறார். ஒரு சொல் கிடையாது. முதல் முறை ஒலியோடு பாருங்கள், இரண்டாம் முறை ஒலி இல்லாமல் அவருடைய கண் எப்போது கடிகாரத்தை விட்டு மகளிடம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, 'லா லெங்குவா தெ லாஸ் மரிபோசாஸ்' (1999). 1936ஆம் ஆண்டு கலீசியா, கிராமத்து ஆசிரியர் தோன் கிரெகோரியோ. ஓய்வு பெறும் விழாவில் பேசும் உரையில் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று தாளில் குறியுங்கள். வயதானவர் வேடம் போடுகிறவர்கள் செய்யும் பிழை, குரலை நடுங்கவிடுவது. இவர் நடுங்கவிடவில்லை, வாக்கியத்தைச் சிறிதாக்கி இடைவெளியைக் கூட்டுகிறார். முதுமை அதில் தானாக வந்துவிடுகிறது. கடைசியில் கைதிகளோடு நடந்துபோகும்போது அவருக்கு வசனமே இல்லை.

இரண்டையும் ஸ்பானிய ஒலியிலேயே பாருங்கள். வேறு மொழிக் குரல் போட்ட பிரதியில் பாதி நடிப்பு போய்விடும்.

விருதுகள்?

பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி இருமுறை: 'எல் அனகோரேதா'வுக்கு 1977இல், 'ஸ்தீகோ'வுக்கு 1985இல். 2005இல் கௌரவத் தங்கக் கரடி. 1987இல் நடந்த ஸ்பானிய சினிமாவின் முதல் கோயா விருதில் 'எல் வியாஹே அ நிங்குனா பார்த்தே' படத்துக்கு இயக்கமும் திரைக்கதையும், 'மாம்ப்ரூ சே ஃபுவே அ லா கெர்ரா' என்ற வேறொரு படத்துக்கு நடிப்பும் என அள்ளினார், விழாவுக்குப் போகவில்லை. 1995இல் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது. 2000இல் ஸ்பானிய மொழி அகாதமியில் 'B' எழுத்து நாற்காலி.

எங்கள் கல்லூரிக் குழு அவருடைய சைக்கிள் நாடகத்தைப் போட நினைக்கிறது. எதில் கவனம் வேண்டும்?

'லாஸ் பிசிக்லேத்தாஸ் சோன் பாரா எல் வெரானோ'. லோபே தெ வேகா நாடகப் பரிசு பெற்று, 1982இல் மாட்ரிட்டின் தியேத்ரோ எஸ்பன்யோலில் ஹோசே கார்லோஸ் பிளாசா இயக்கத்தில் அரங்கேறியது. 1936 கோடையில் லூயிஸ் என்ற பையன் சைக்கிள் கேட்கிறான், போர் வந்துவிடுகிறது, முற்றுகையிடப்பட்ட மாட்ரிட்டில் குடும்பம் பட்டினி கிடக்கிறது.

பொதுவாக நேரும் தவறு, குண்டுச் சத்தத்தை அதிகமாக்குவது. நாடகம் வீட்டுக்குள் நடக்கிறது, போர் சன்னலுக்கு வெளியே இருந்தால் போதும். பருப்புப் பானைக் காட்சிதான் உயிர். பானையில் அளவு குறைகிறது, ஒவ்வொருவராக 'ஒரு கரண்டி எடுத்தேன்' என்று ஒப்புக்கொள்கிறார்கள். அழுகையைத் தொடக்கத்திலேயே கொண்டுவந்தால் காட்சி செத்துவிடும். முதல் பாதி சிரிப்பு வரவேண்டும், அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். லூயிஸ் வேடக்காரர் வளர்வது உடையில் தெரியட்டும், முதல் காட்சிச் சட்டை கடைசியில் கை குட்டையாக இருக்க வேண்டும். முன்னுரைக் காட்சியில் சிறுவர்கள் போர் விளையாட்டுப் பேசும் வெற்று நிலமும், இறுதியில் அப்பாவும் மகனும் நிற்கும் இடமும் ஒன்றே. நேரம் போதவில்லை என்று அவற்றை வெட்டாதீர்கள். குறைக்கத்தான் வேண்டுமென்றால் அண்டை வீட்டாரின் கிளைக்கதைகளில் கை வையுங்கள்.

மேடையேற்றும் உரிமையை எழுத்தில் வாங்கிவிட்டு ஒத்திகை தொடங்குங்கள். 1984இல் ஹைமே சாவர்ரி எடுத்த திரைப்படத்தைப் பார்த்து அப்படியே செய்யவேண்டாம், மேடைக்கு மூலப் பிரதியே நல்லது.

அவருடைய சவப்பெட்டியில் கறுப்பு சிவப்புக் கொடி போர்த்தியிருந்தது ஏன்?

அது அனார்க்கிஸ்ட் கொடி. 2007 நவம்பர் 21 அன்று மாட்ரிட்டில் இறந்தார். தியேத்ரோ எஸ்பன்யோல் மேடையில் உடலை வைத்தார்கள். கடைசிவரை தன்னை அந்தக் கொள்கைக்காரராகவே கருதியவர். மாட்ரிட் நகராட்சியின் ஒரு நாடக அரங்கு இப்போது அவர் பெயரில் இயங்குகிறது.

தன்வரலாற்றில் எந்தப் பதிப்பை வாங்கலாம்?

'எல் தியெம்போ அமரியோ'. 1990இல் வந்தது, 1998இல் விரிவாக்கினார். பின்னதை வாங்குங்கள். மெரிதோரியோ காலத்தையும் போர்க்கால மாட்ரிட்டையும் முதலில் படித்துவிட்டு அந்தப் பயண நாடகக் குழுப் படத்தைப் பார்த்தால், ஒவ்வொரு வேடமும் எங்கிருந்து வந்தது என்று புரியும்.