கட்டணத்துக்கு மேல் கொடுக்கலாமா?

கேள்வி: கே.கே. நகரில் எங்கள் தெருவிலேயே ஒரு பெண், தம் வீட்டு முன்னறையில் கண்ணாடியும் நாற்காலியும் போட்டு, பெண்களுக்கு முடிவெட்டுதல், த்ரெட்டிங், ஃபேஷியல் ஆகியவற்றைச் செய்து வருகிறார். முடிவெட்ட 250 ரூபாய் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். போன மாதம் நான் 300 ரூபாயைக் கொடுத்து மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னபோது, "வேண்டாங்க்கா" என்று 50 ரூபாயை என் கையிலேயே திணித்துவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் என் மகளோ, அங்கே முடிதிருத்துபவருக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் கொடுப்பது வழக்கம் என்றும், கொடுக்காமல் வருவது மரியாதைக் குறைவு என்றும் சொல்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் என் மாமியாருக்கு அந்தப் பெண் வீட்டுக்கே வந்து முடிவெட்டிவிட்டுப் போனார். அதற்கும் அதே 250 ரூபாய்தான் வாங்கினார். அவர் மனம் கோணாமல் நான் எப்படி நடந்துகொள்வது?
– ஒரு வாசகி, மதுரை-20

பதில்: அந்த 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததில் அவருக்குக் கோபம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தம் வேலைக்கு இன்ன விலை என்று தாமே எழுதி ஒட்டியவர், அந்த விலையோடு கணக்கை முடித்துக்கொள்ள விரும்பியிருக்கிறார். தமக்குத் தாமே முதலாளியாக இருந்து தொழில் செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் டிப்ஸ் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் நம் ஊரில் இல்லை. பைபாஸ் ரோட்டில் உள்ள பெரிய பார்லருக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே நாம் கட்டும் தொகை கல்லாவுக்குப் போகிறது. நமக்கு முடிவெட்டிய பெண் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். ஆகவே அவர் கையில் நேராகக் கொடுக்கும் 50 ரூபாய்க்குப் பொருள் உண்டு. உங்கள் தெருப் பெண்ணுக்கோ 250 ரூபாயும் அவரிடமே வந்து சேர்கிறது. பார்லரைவிடக் குறைவாக வாங்குகிறாரே என்று இரக்கப்படவும் வேண்டாம். அவருக்குக் கடை வாடகையும் ஆள் சம்பளமும் இல்லை. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவும் தேவையில்லை. நாளை அவர் 250 ரூபாயை 300 ஆக்கினால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அவருக்கு அதுவே பெரிய உதவி.

உங்கள் மகள் சொல்வது அந்த ஊருக்குச் சரிதான். ஆனால் அமெரிக்காவில் டிப்ஸ் என்பது பல வேலைகளில் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தம் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், டிப்ஸும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலியை எட்டிவிட வேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது, அந்த 2.13 டாலர் 1991-ஆம் ஆண்டிலிருந்து மாறவே இல்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் பிறந்த சதவீதக் கணக்கை கே.கே. நகர் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. கடையின் உரிமையாளரே முடிவெட்டினால் அவருக்கு டிப்ஸ் வேண்டாம் என்பது அங்கேயே பழைய மரபாக இருந்தது.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் முடிதிருத்தும் குடும்பத்தார், ஆண்டு முழுவதும் ஊராருக்கு வேலை செய்துவிட்டு, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்று நெல் வாங்கிப் போன காலம் ஒன்று இருந்தது. எவ்வளவு அளப்பது என்பதைக் கொடுப்பவர்தாம் முடிவு செய்தார்; திருவிழாவுக்குக் கிடைத்த வேட்டியும் பலகாரமும் அவர் மனம் வைத்தால்தான். அந்தத் தொழிலை இன்று எந்தச் சாதியைச் சேர்ந்த பெண்ணும் பயிற்சி பெற்றுச் செய்கிறார், விலையைத் தாமே சொல்கிறார் என்பது எளிதாக வந்த மாற்றம் அன்று. எனவே மேற்கொண்டு கொடுக்கும்போது அது இனாம் போலத் தோன்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்து போகிற போக்கில் சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவே நோட்டைச் செருகுவதும், "சில்லறை இல்லாட்டி பரவாயில்ல, வச்சுக்கங்க" என்பதும் நல்ல எண்ணத்தில் செய்தாலும் நெருடவே செய்யும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்தியது மாமியார் விஷயம்தான். படுத்திருப்பவருக்கு முடிவெட்டுவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வெட்டுவது போன்றதன்று. தலைக்கடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஒரு பக்கம் வெட்டி முடித்தபின் இடுப்பு அசையாமல் தலையை மட்டும் மெல்லத் திருப்பி, மறுபக்கத்தை ஏறத்தாழ கைப்பழக்கத்திலேயே வெட்ட வேண்டும். பிறகு கழுத்திலும் தலையணையிலும் ஒட்டிய துண்டு முடிகளை ஈரத்துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படுத்திருப்பவருக்கு இரவெல்லாம் அரிக்கும். அவ்வளவு நேரமும் அவருடைய வீட்டு நாற்காலி காலியாகவே இருந்திருக்கும். இதை டிப்ஸால் ஈடுகட்ட நினைக்காதீர்கள். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அடுத்த முறை அழைக்கும்போதே, "வீட்டுக்கு வந்து செய்றதுக்குத் தனியா எவ்வளவுன்னு சொல்லுங்க, அப்பத்தான் எனக்கு மறுபடி கூப்பிடக் கூச்சமா இருக்காது" என்று கேளுங்கள். அவர் தயங்கினால், வழக்கமான கட்டணத்தைப் போல இருமடங்கை நீங்களே சொல்லுங்கள். என் கணிப்பில் அது அதிகமில்லை.

தீபாவளி, பொங்கலுக்கு ஏதேனும் செய்ய விரும்பினால் தெருவில் மற்ற வீட்டாருக்குச் செய்வதைப் போலவே செய்யுங்கள். பலகாரத் தட்டோடு ஒரு ரவிக்கைத் துணியோ, கவரில் ஒரு தொகையோ வைத்து, அவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கையில் கொடுங்கள். அவர் வீட்டிலிருந்து தட்டு திரும்பி வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் திருமணத்துக்கு, வீட்டில் தொழில் செய்யும் ஒருவரையே மணப்பெண் அலங்காரத்துக்குப் பேசியிருக்கிறோம். முகூர்த்தம் காலை 6 மணிக்கு. உதவிக்கு ஒரு சிறு பெண்ணையும் அழைத்து வருவாராம். பேசிய தொகைக்கு மேல் யாருக்கு எவ்வளவு கொடுப்பது?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பேசிய தொகையை மண்டபத்திலேயே, அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் முழுமையாகக் கொடுத்துவிடுங்கள், மொய்க் கணக்கு முடியட்டும் என்று காக்க வைக்காதீர்கள். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏறிய விலைக்குப் பேசாமல் பணத்தை எண்ணி வைக்கிறோம்; விடியற்காலை 3 மணிக்கு வந்து நிற்பவர் அதற்காகச் சற்றுக் கூட்டிச் சொன்ன தொகையை மட்டும் ஏன் குறைக்கப் பார்க்க வேண்டும்? முதன்மைக் கலைஞருக்குத் தாம்பூலத்தோடு 501 ரூபாய் வைத்தால் அழகாக இருக்கும், வைக்காவிட்டாலும் குறையில்லை. அந்த உதவிப் பெண்ணுக்குக் கட்டாயம் தனியாகக் கொடுங்கள். அவருக்கு என்ன சம்பளம் பேசியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஊக்கு எடுத்துக் கொடுப்பதிலிருந்து ஜடைக்குப் பூச்சுற்றுவது வரை நின்றுகொண்டே செய்பவர் அவர். முதன்மைக் கலைஞருக்குத் தெரியும்படியாகவே கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம். கூகுள் பேயில் அனுப்புவதாக இருந்தால் கட்டணத்தையும் இதையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பாதீர்கள். கை தவறிக் கூடுதலாக வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருவருக்கும் பந்தியில் இலை போட்டுச் சாப்பிட வைத்து அனுப்புங்கள்.