617 இலக்கப் பூட்டு: சேலத்துக்காரர்கள் கேட்டவை

கல்லூரியில் எண்ணியல் எடுக்கிறவன் நான். ரகசியக் குறியீடு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: சார், பேங்க் சைட்டில் வரும் பூட்டுக்கும் பகா எண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

அண்ணா, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை. பெருக்கி வந்ததை மட்டும் கொடுத்து, அந்த இரண்டும் எவை என்று கேட்டால் கணினியே திணறும். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் இதை வைத்துத்தான் ஆர்எஸ்ஏ என்ற பூட்டு முறையை அமைத்தார்கள். பிரிட்டன் உளவு நிறுவனத்தில் கிளிஃபோர்ட் காக்ஸ் என்பவர் 1973லேயே இதைக் கண்டுபிடித்திருந்தார். 1997 வரை வெளியே விடவில்லை. இப்போது பரவலாகப் புழங்கும் 2048 பிட் (அதாவது 2048 இரும இலக்க) சாவியில் பெருக்கற்பலன் 617 இலக்கம்.

ஐந்து ரோடு, பி.எஸ்சி. மாணவி: சின்ன எண்ணில் செய்து காட்டுங்கள் சார்.

5, 11 எடுத்துக்கொள்ளம்மா. பெருக்கினால் 55. ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் 40. பூட்டும் எண் 3, திறக்கும் எண் 27; ஏனென்றால் 3×27=81, அதை 40ஆல் வகுத்தால் மீதி 1. 55, 3 இரண்டும் ஊருக்கே தெரியலாம்; 27 மட்டும் ரகசியம். 55ஐப் பிரித்தால்தான் 40ம் 27ம் கிடைக்கும். அனுப்ப வேண்டிய செய்தி 8 என்று வை. 8இன் மும்மடி 512, 55ஆல் வகுத்தால் மீதி 17. அந்த 17தான் ஊர் வழியே போகும். வாங்கியவர் 17ஐ 27 அடுக்குக்கு உயர்த்தி 55ஆல் வகுத்தால் மீதி 8 வந்துவிடும். கையால் போட்டுப் பார். 17இன் வர்க்கத்துக்கு மீதி 14, அதன் வர்க்கத்துக்கு 31 என்று வர்க்கமாக ஏறிக்கொண்டே போனால் அரைப் பக்கம்தான்.

ஓமலூர், பிளஸ் டூ: 300 இலக்கத்துக்குப் பகா எண்ணை எங்கே தேடிப் பிடிக்கிறார்கள்?

குருட்டாம்போக்கில்தான் தம்பி! அந்த அளவில் ஒற்றைப்படை எண்களில் ஏறக்குறைய 350க்கு ஒன்று பகா எண். ஏதாவது ஓர் எண்ணை எடுத்து, பகா எண்ணா என்று பார்க்கும் மில்லர்-ராபின் சோதனை போட்டு (தவறும் வாய்ப்பு மிகமிகக் குறைவு), தேறாவிட்டால் அடுத்தது. பகா எண்ணா இல்லையா என்று சொல்ல அதன் காரணிகள் தெரிய வேண்டியதில்லை, அதுதான் சூட்சுமம். ஐயத்துக்கே இடமில்லாமல், அதுவும் வேகமாகச் சொல்லும் முறையை 2002இல் ஐஐடி கான்பூரில் அகர்வால், கயால், சக்சேனா கொடுத்தார்கள். ஆனால் நடைமுறையில் மில்லர்-ராபின்தான் ஓடுகிறது, அது இன்னும் வேகம்.

அஸ்தம்பட்டி, ஐடி வேலை: நிஜத்தில் எப்படி உடைகிறது?

பெரும்பாலும் சோம்பேறித்தனத்தால். இரண்டு கருவிகள் ஒரே பகா எண்ணைத் தெரியாமல் பங்கு போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. ஒரு சாவியின் பெருக்கற்பலன் 8051, இன்னொன்றில் 7387 என்று வையுங்கள். தனித்தனியே பிரிப்பது வேறு வேலை. ஆனால் கழித்தால் 664. 7387ஐ 664ஆல் வகுத்தால் மீதி 83. 664ஐ 83ஆல் வகுத்தால் மீதியே இல்லை. ஆக, 83 இரண்டுக்கும் பொது; 8051=83×97, 7387=83×89. பத்தாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணிக்குப் போட்ட அதே யூக்ளிட் முறை. 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் லட்சக்கணக்கான சாவிகளைத் திரட்டி, இதே வழியில் ஆயிரக்கணக்கானவற்றை உடைத்துக் காட்டின. கணக்கில் கோளாறு இல்லை. தற்செயல் எண்களைச் சரியாக எடுக்காத மலிவான ரௌட்டர்கள்தான் அதில் அதிகம்.

அம்மாபேட்டை: ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறார்களே, அதற்கு இந்தக் கணக்கு உதவாதா?

உதவாது அக்கா. நீங்களே எடுத்துச் சொன்னால் எந்தப் பகா எண் என்ன செய்யும்? யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஏற்காடு, காபித் தோட்டம்: குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் போச்சா?

ஆர்எஸ்ஏ போகும். காரணிப்படுத்துவதை, அதாவது பெருக்கற்பலனைப் பகா எண்களாகப் பிரிப்பதை, அணுத்துகள்களின் விதிப்படி ஓடும் குவாண்டம் கணினி வேகமாகச் செய்யும் என்று பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1994லேயே காட்டிவிட்டார். அந்த அளவுக்குப் பெரிய இயந்திரம் இன்னும் வரவில்லை. சாதாரணக் கணினிகள் 2020இல் பிரித்தது 250 இலக்க எண், அதற்கே ஒற்றைச் செயலிக் கணக்கில் சுமார் 2700 ஆண்டு உழைப்பு. ஆனால் ஒன்று: சாதாரணக் கணினிக்கு வேகமான வழி கிடையவே கிடையாது என்று யாரும் நிரூபித்ததில்லை. இதுவரை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில்தான் உலகமே பணம் அனுப்புகிறது. குவாண்டம் கணினியை எதிர்பார்த்து 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், காரணிப்படுத்தும் சிரமத்தை நம்பாத புதிய முறைகளைத் தரமாக அறிவித்தது. அவற்றில் எம்எல்-கெம் என்பது உங்கள் குரோமில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.