ஓனோவுக்கு வர முடியாது

கேள்வி: ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே கர்த்தர் எனக்குத் தந்த வேலை என்று நம்புகிறேன். ஆனால் பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம், அசனக் கமிட்டி (சபை விருந்துக் குழு) என்று எல்லாரும் இழுக்கிறார்கள். மறுத்தால் 'பெருமை பிடித்தவள்' என்று வாட்ஸ்அப் குழுவில் ஜாடையாகப் போடுகிறார்கள். நெகேமியாவைப்போல 'நான் பெரிய வேலையைச் செய்கிறேன், வரக்கூடாது' என்று சொல்லிவிடலாமா?
— ஒரு வாசகி, சாயர்புரம்

பதில்: சொல்லலாம். அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வேலையில் இன்னும் பாக்கி என்ன?

பெர்சிய ராஜாவிடம் வேலைபார்த்த நெகேமியா, இடிந்துகிடந்த எருசலேம் மதிலைக் கட்ட வந்தவர். அவர் புத்தகத்தின் 6-ம் அதிகாரத்தில் நாம் எல்லாரும், நீங்கள் சொன்ன மூன்றாம் வசனத்துக்கே ஓடுகிறோம். முதல் வசனத்தைப் பாருங்கள். மதிலில் இடிந்த திறப்பு இல்லை, வாசல்களுக்குக் கதவு போடுவதுதான் பாக்கி. அது தெரிந்ததால்தான் அவரால் தயங்காமல் மறுக்க முடிந்தது. பெர்சியத் தலைநகர் சூசானில் ராஜாவிடம் உத்தரவு கேட்டபோதே எத்தனை காலம் ஆகும் என்று சொன்னார். மரத்துக்காக வனக்காவலன் ஆசாப்புக்குக் கடிதம் வாங்கினார். எருசலேமுக்கு வந்து மூன்று நாள் இருந்து, இரவில் சிலரோடு போய் இடிந்த மதிலைப் பார்வையிட்ட பிறகே வாய் திறந்தார். நீங்களும் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகள், டிசம்பர்வரை எத்தனை பாடம், நீங்கள் வராத வாரம் யார் எடுப்பார். அது எழுதாதவரை, 'எனக்கு வேலை இருக்கிறது' என்பது கேட்பவருக்குச் சாக்காகத்தான் படும்.

மதில் வேலையைத் தடுக்கப் பார்த்த சன்பல்லாத்தும் கேஷேமும் சந்திக்கக் கூப்பிட்ட ஓனோ, எருசலேமுக்கு வடமேற்கே லோத் பக்கம். நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. போக, பேச, திரும்ப என்று மூன்று நாளாவது போயிருக்கும். நாலு தரம் ஆள் வந்தது. நாலு தரமும் போயிருந்தால் 52 நாளில் முடிந்த வேலையில் பன்னிரண்டு நாள் காலி. அவர்கள் பொல்லாப்பு செய்ய நினைத்தார்கள் என்பது வேறு. கமிட்டிக்காரர்களிடம் பொல்லாப்பு இல்லை, நாள் கணக்கு மட்டும் அதேதான். நாலு தரமும் அவர் ஒரே பதிலை அனுப்பினார் என்பதைக் கவனியுங்கள். நாம் ஒவ்வொரு தரமும் புதுக் காரணம் தேடுகிறோம். காரணம் மாறினால் பேரம் தொடங்கிவிடும்.

ஆனால் இந்த வசனத்தைக் கேடயமாகப் பிடிப்பவர்கள் 5-ம் அதிகாரத்தை வாசிப்பதில்லை. தானியத்துக்காகவும் ராஜாவின் தீர்வைக்காகவும் நிலத்தை அடகுவைத்த ஜனங்கள், பிள்ளைகளை அடிமையாக்க வேண்டிவந்தது என்று கூக்குரலிட்டபோது, 'மதில் முடியட்டும்' என்று நெகேமியா சொல்லவில்லை. சபையைக் கூட்டி, நிலத்தையும் நூற்றுக்கொன்று வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். கல் சுமக்கிறவனின் கஷ்டமும் வேலையில் சேர்ந்ததே. உங்கள் வகுப்புப் பிள்ளையின் தாய் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தால், அது இடையூறு ஆகாது.

உள்ளேயிருந்து வரும் நெருக்கடிதான் கடினம். பெரகியாவின் குமாரன் மெசுல்லாம் மதிலில் இரண்டு பங்கு கட்டினவர். அவர் மகளைக் கட்டியிருந்தவன், சன்பல்லாத்தின் கூட்டாளியான தொபியாவின் மகன். தொபியாவோடு இப்படிச் சம்பந்தமும் ஆணையும் இருந்ததால் யூதாவின் பெரியவர்கள் அவன் நன்மைகளை நெகேமியாவிடம் சொல்லிக்கொண்டே, நெகேமியா பேசியதை அவனுக்கு எட்டவைத்தார்கள். சம்பந்திகள் நிறைந்த சபையில் இது உங்களுக்குப் புரியும். அதற்காக மெசுல்லாமை யாரும் மதிலைவிட்டு இறக்கியதாக எழுதப்படவில்லை. செமாயா என்பவனோ, 'உன்னைக் கொல்ல வருகிறார்கள், ஆலயத்துக்குள் ஒளிந்துகொள்வோம்' என்று தீர்க்கதரிசனமாகவே சொன்னான். உயிருக்குப் பயந்து ஆலயத்துக்குள் போவது பாவம் என்று தெரிந்திருந்ததால், பேச்சு கூலிக்கு வாங்கப்பட்டது என்று அவர் கண்டுகொண்டார். 'கர்த்தர் சொல்லச் சொன்னார்' என்று யாராவது உங்களை நகர்த்த வந்தால், பயம் காட்டுகிறார்களா, வேதத்துக்கு விரோதமாக எதையாவது செய்யச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப் ஜாடைக்கு வருவோம். ஐந்தாம் தரம் சன்பல்லாத்திடமிருந்து வந்தது முத்திரைபோடாத கடிதம். வழியில் எவனும் வாசிக்கலாம். நெகேமியா தானே ராஜாவாக முயல்கிறார் என்ற வதந்தி அதில். 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அது உன் கற்பனை' என்று பதில் அனுப்பி, என் கைகளைத் திடப்படுத்தும் என்று ஜெபித்தார். விளக்கம் கொடுக்க ஓனோவுக்கும் போகவில்லை, சூசானுக்கும் போகவில்லை. குழுவில் நீங்கள் ஒன்றும் போட வேண்டாம். பொறுப்பிலுள்ள ஒருவரிடம், ஆயராகவே இருக்கட்டும், நேரில் ஒருமுறை சொல்லிவிட்டு அந்தத் தாளையும் காட்டுங்கள்.

அசனக் கமிட்டிக் கூட்டங்களுக்குப் போக வேண்டாம். அசனத்தன்று பிள்ளைகள் பந்தியில் பரிமாற ஆள் இல்லையென்றால் மட்டும் போய் நில்லுங்கள்.