தாடைக்குக் கீழே வீக்கம்: திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வாரமாக வலி. பக்கத்து மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். நான்கு நாள் நன்றாக இருந்தார். நேற்றிலிருந்து தாடைக்குக் கீழே வீங்கிக் கெட்டியாக இருக்கிறது. வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை, கஞ்சி மட்டும் குடிக்கிறார். வீக்கம் வடியாமல் பல்லைப் பிடுங்கக் கூடாது என்கிறார்கள். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை வரை அதே மாத்திரையைக் கொடுத்துச் சமாளிக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கூடாது. இந்தக் கேள்வி கைக்கு வந்ததுமே, இப்போதே கிளம்புங்கள் என்று உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. இதே நிலையில் இன்னும் எத்தனையோ வீடுகளில் திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பல் வலிகளில் பெரும்பாலானவை தூக்கத்தைக் கெடுக்கும்; உயிருக்கு உலை வைக்காது. உங்கள் அம்மாவுடையது அந்தக் கணக்கில் வராது. காரணம், பல் இருக்கும் இடம். முன்பல்லில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் ஈறில் கொப்புளமாகக் கிளம்பி உடைந்துவிடும். கீழ்க் கடைவாயில் கடைசி இரண்டு பற்களின் வேர்நுனி, நாக்குக்கு அடியில் தளம்போல விரிந்திருக்கும் தசைக்கும் கீழே இருக்கிறது. அங்கே எலும்பைத் துளைத்து வெளிவரும் சீழ் வாய்க்குள் வராமல் தாடைக்கு அடியில் இறங்கிவிடும். அங்கிருந்து மறுபக்கம் போகவும், தொண்டை வரை பரவவும் தடையாக ஒன்றும் இல்லை. வீக்கம் நாக்கை மேலே தூக்கிப் பின்னுக்குத் தள்ளும். மூச்சுப் பாதை அடைபடும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே லுட்விக்ஸ் ஆஞ்சைனா என்கிறோம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது பரவும் வேகம் அதிகம். காலையில் ஒரு பக்கம் இருந்த வீக்கம் இரவுக்குள் கழுத்தைச் சுற்றிவிடலாம்.

வீட்டில் பார்க்க வேண்டியவை இவை. எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறதா? நாக்கை வெளியே நீட்ட முடியாமல் இருக்கிறதா? பேச்சு, சூடான இட்லியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழைகிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? வீக்கம் இரண்டு பக்கமும் வந்துவிட்டதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இது எதுவும் இல்லாமல், வாய் மூன்று விரல் அகலம் திறக்கவில்லை, தாடை எலும்பின் கீழ் விளிம்பு வீக்கத்துக்குள் மறைந்து விரலுக்குத் தட்டுப்படவில்லை, காய்ச்சல் இருக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரைகூட பொறுக்காதீர்கள். மேல் பல்லில் சீழ் கோத்துக் கண் இமை மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கினாலும் இதே அவசரம்தான்.

இனி அந்த ‘வீக்கம் வடியட்டும்’ கதை. இதைச் சொல்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். சீழ் கோத்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால் வந்த பழக்கம் அது. நரம்பு வரும் வழியில், தள்ளி ஊசி போடலாம். வாயே திறக்காவிட்டால் அறுவை அரங்கில் மயக்கம் கொடுத்துச் செய்யலாம். சீழ்ப்பையின் நடுவில் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்? சீழை வெளியேற்றி, அதற்குக் காரணமான பல்லையும் எடுத்தால்தான் வீக்கம் வடியும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் இதே ரகக் கட்டுக்கதைதான்.

செட் மாத்திரைக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. பழுப்புக் கவரில் அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட நாலு மாத்திரை. பெயர் தெரியாது, அளவு தெரியாது. ஒன்று வலி மாத்திரை, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று ஆன்டிபயாட்டிக். நான்காவதாக ஒரு சின்ன மாத்திரை இருந்தால் அது ஸ்டீராய்டா என்று சந்தேகப்படுங்கள். ‘பிரமாதமாகக் கேட்டது’ என்று மக்கள் சொல்வதற்குப் பல சமயம் அதுதான் காரணம். ஸ்டீராய்டு வீக்கத்தையும் வலியையும் அமுக்கும், கிருமியைத் தொடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சர்க்கரையை எகிற வைக்கும். உங்கள் அம்மா நன்றாக இருந்த அந்த நான்கு நாளில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எச்1 என்ற அரசுப் பட்டியலில் உள்ள மருந்துகளை (சில ஆன்டிபயாட்டிக்குகளும் அதில் உண்டு) டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. எந்தக் கடையிலாவது அந்தப் பதிவேட்டை யாராவது புரட்டிப் பார்க்கிறார்களா? கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சிறிய ஊரில் ஒரு பல் மருத்துவரைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் பல் பிரிவு காலையில் திறந்து மதியம் பூட்டிவிடும். ஆண்டுதோறும் இத்தனை பல் மருத்துவப் பட்டதாரிகளை வெளியே அனுப்பும் மாநிலத்தில், இரவுப் பணிக்கு ஒருவரைப் போட மனம் வரவில்லை.

எங்கே போவது? தெருமுனை பல் கிளினிக்குக்கு வேண்டாம். மயக்க மருத்துவர், காது மூக்குத் தொண்டை மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றும் இருக்கும் இடம் வேண்டும். உங்களுக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கிருந்து அனுப்பினால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. அவசரப் பிரிவில் நுழைந்ததும் ‘பல் வலி’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் ஒரு வலி ஊசி போட்டு, “திங்கட்கிழமை பல் ஓ.பி.க்கு வாங்கம்மா” என்று அனுப்பிவிடுவார்கள். “கழுத்து வீங்குது, கஞ்சி மட்டும்தான் இறங்குது, வாய் திறக்கலை, சர்க்கரை இருக்கு” என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். எல்லாம் உண்மைதானே. சர்க்கரை நோட்டு, மீதி இருக்கும் செட் மாத்திரை இரண்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், சர்க்கரை மாத்திரை எப்போது போட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இறங்காமல் மாத்திரை மட்டும் போட்டிருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். வண்டியில் படுக்க வைக்காமல் உட்கார்ந்தபடியே கூட்டிப் போங்கள். வெளியே வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். கிராம்பு எண்ணெய், ஈறில் ஆஸ்பிரின் வைப்பது, ஊசியால் குத்துவது எதுவும் வேண்டாம்.

வாசலிலேயே ஒருவர் வருவார். “இங்க டாக்டர் இல்லை சார், நமக்குத் தெரிஞ்ச இடம் பக்கத்துலயே இருக்கு” என்பார். தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இருப்பார், அல்லது யாருடைய ஆளோ. நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவருக்குக் கமிஷன். அவர் கூட்டிப்போகும் இடத்தில் ஐ.சி.யூ. இருக்கலாம், தாடை அறுவை செய்பவர் இருக்கமாட்டார். ஒரு நாள் பில் போட்டுவிட்டு மறுபடி அரசு மருத்துவமனைக்கே அனுப்புவார்கள். அந்த ஒரு நாள்தான் நம்மிடம் இல்லாதது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இது இல்லை, ஆனால் சர்க்கரை உள்ள எல்லா வீட்டுக்கும் தேவை. கீழ்த்தாடையில் வலி, எந்தப் பல் என்று காட்டத் தெரியவில்லை, தட்டினால் எந்தப் பல்லும் வலிக்கவில்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் கூசவில்லை, மாடிப்படி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. இது பல் வலி இல்லாமல் இதயத்திலிருந்து வரும் வலியாக, மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். நெஞ்சு வலி வந்தால்தான் மாரடைப்பு என்று நினைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சில் வலியே தெரியாமல் தாடை, தோள், மேல்வயிறு என்று வேறு இடத்தில் காட்டலாம். கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், காரணமில்லாத அசதி இருந்தால் பல் மருத்துவரிடம் போகவே வேண்டாம், நேராக ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு ஈ.சி.ஜி. சரியாக இருந்துவிட்டால் உடனே வீட்டுக்குத் திரும்பவும் வேண்டாம்; இடைவெளி விட்டு இன்னொன்றும், ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சொத்தைப் பல் ஒன்று வாயில் இருக்கிறது என்பதற்காக வலி அதிலிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்டுவது ஆபத்து. இந்த வயதில் யார் வாயில்தான் சொத்தைப் பல் இல்லை? ஏற்கெனவே இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பல் பிடுங்கப் போகிறோம் என்று அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? முதலில் மூச்சுப் பாதையைப் பார்ப்பார்கள். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறும். சர்க்கரைக்கு இன்சுலின். தாடைக்குக் கீழே சிறிதாகக் கீறிச் சீழை வடித்து ஒரு ரப்பர் குழாய் வைப்பார்கள், முடிந்தால் அதே நேரத்தில் பல்லையும் எடுப்பார்கள். கழுத்தில் தழும்பு வருமே என்று பயந்து கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். தைரியமாகப் போடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வாய் பழையபடி திறக்கக் கொஞ்ச நாள் ஆகும். அதற்கான பயிற்சியைச் சொல்லித் தருவார்கள்.

பல் போன இடம் ஆறி எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். அதற்குள், ஒரு மணி நேரத்தில் ‘ஃபிக்ஸ் பல்’ கட்டித் தருகிறேன் என்று பேருந்து நிலையப் பக்கம் போர்டு வைத்திருப்பவரிடம் போய்விடாதீர்கள். பிளாஸ்டிக் பவுடரைக் குழைத்து, பக்கத்துப் பற்களில் கம்பி கட்டி அங்கேயே இறுக வைப்பார். அதற்கு அடியில் சாப்பாடு தங்கி நல்ல பல்லும் அழுகும். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் பார்ப்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றமாக்கப்பட்டுவிட்டது. போர்டு மட்டும் இன்னும் தொங்குகிறது. ஆறிய பிறகு, சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்ததும், பதிவெண் உள்ள பல் மருத்துவரிடம் போய் மீதிப் பற்களுக்கும் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.