திங்கட்கிழமை விமானம், பதினைந்து கிலோ பெட்டி: செக்-இன் நேரத்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி: அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் விற்பனைப் பொறியாளராக இருக்கிறேன். அநேகமாக எல்லாத் திங்கட்கிழமையும் காலை விமானத்தில் டெல்லி போய், குருகிராம், மானேசர் வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்புவேன். சாம்பிள் பாகங்களும் கருவிகளும் இருப்பதால் பெட்டியைக் கையோடு கொண்டுபோக முடியாது. செக்-இன்னில்தான் போட வேண்டும். முந்தின நாளே வெப் செக்-இன் செய்கிறேன், முகத்தை அடையாளம் கண்டு விமான நிலையத்துக்குள் விடும் டிஜியாத்ரா செயலியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் பெட்டி போடுகிற இடத்தில் நேரம் போகிறது. பல தடவை பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி மறுபடி கூப்பிடுகிறார்கள். இதைச் சுருக்க வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கேள்விக்குள் இரண்டு தாமதங்கள் இருக்கின்றன. ஒன்று வரிசை. இன்னொன்று, பெட்டியைப் போட்ட பிறகு மறுபடி கூப்பிடுவது. வரிசையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். ஆனால் உலோகச் சாம்பிள் கொண்டுபோகும் உங்களைப் போன்றவர்களுக்கு அதிக நேரத்தைத் தின்பது இரண்டாவதுதான். அதை முதல் நாள் இரவு வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செக்-இன் பெட்டி எக்ஸ்-ரே வழியாகப் போகும்போது, துணி, காகிதம், சாப்பாட்டுப் பொருள் எல்லாம் திரையில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம், இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அளவுக்குத் தடித்த உலோகம் என்றால் கறுப்புத் திட்டாகிவிடும். நாலு கியரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் லேப்டாப் சார்ஜரைச் சுருட்டி வைத்தால், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது ஒரு கறுப்புக் கட்டியும் அதை ஒட்டிய வயர்களும்தான். அப்படிப்பட்ட பெட்டியை அவர் அப்படியே அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது. உடனே உங்களைக் கூப்பிடுவார்கள்.

அதனால் பாகங்களை அடுக்காதீர்கள், பரப்புங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் ஒரே வரிசையாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் பைகளில் வையுங்கள். சார்ஜர், வயர், எலக்ட்ரானிக் அளவைக் கருவி எதுவும் அவற்றின் பக்கத்தில் வேண்டாம். மறுபக்கத்துக்குப் போகட்டும், அல்லது கைப்பைக்குப் போகட்டும். துணிகளுக்கு அடியில் பாகங்களைப் புதைப்பது பெரும்பாலானவர்கள் செய்வது. அடிபடாமல் இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் திறக்கச் சொன்னால் எல்லாத் துணியையும் வெளியே எடுத்துப்போட்டு, திரும்ப அடைத்து, ஜிப்பை மூட மல்லுக்கட்ட வேண்டிவரும். ஜிப்பைத் திறந்தவுடன் பாகங்கள் கண்ணில் படும்படி இருந்தால் பார்த்துவிட்டு மூடச் சொல்லிவிடுவார்கள்.

அதோடு ஒரு தாள் வேண்டும். சாம்பிளுக்கு உங்கள் கம்பெனியில் எப்படியும் டெலிவரி சலான் போடுவார்கள். பாகத்தின் பெயர், எண்ணிக்கை, எந்த உலோகம், என்ன எடை என்று அதில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதியைப் பாகங்களின் மேலேயே வையுங்கள், இன்னொன்று உங்கள் சட்டைப் பையில். 'இது என்ன?' என்ற கேள்விக்கு வாயால் விளக்குவதைவிட முத்திரை வைத்த தாளைக் காட்டுவது சீக்கிரம் முடியும்.

உங்கள் தொழிலுக்கே உரிய சில சிக்கல்களும் இருக்கின்றன. துரு நீக்கும் ஸ்ப்ரே டப்பா, தீப்பிடிக்கக்கூடிய வாயுவால் பீய்ச்சுகிற வகை என்றால், செக்-இன், கைப்பை இரண்டிலுமே கூடாது. பாகத்தில் தடவிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, துரு பிடிக்காமல் காக்கும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். மோட்டாரில் வரும் வலுவான காந்தங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது. லைட்டர் எதிலும் வேண்டாம்.

பேட்டரிதான் பெட்டி திரும்ப வருவதற்கு ரொம்ப சாதாரணமான காரணம். பவர் பேங்க், கழற்றிய லித்தியம் பேட்டரி, கார்ட்லெஸ் கருவியின் உபரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்சக்தியின் அளவு) வரை பிரச்சினை இல்லை; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்; அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்கில் மில்லிஆம்ப்-மணி (mAh) கணக்குதான் பெரிதாகப் போட்டிருப்பான். அதை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி வந்துவிடும்: 20,000 என்றால் 74. சார்ஜ் போடும் வசதியுள்ள 'ஸ்மார்ட்' பெட்டி வைத்திருந்தால், அதன் பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கழற்ற முடியாத வகையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டெல்லியில் இருக்கும் உறவினருக்கென்று முழுக் கொப்பரைத் தேங்காய் எடுத்துப்போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் 2022 முதல் செக்-இன் பெட்டியிலும் தடை. பெட்டி நிறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது எடை. நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோ. கார்ப்பரேட் டிக்கெட்டில் மாறலாம், டிக்கெட்டிலேயே பாருங்கள். வீட்டில் 15 காட்டினால் அங்கே 15.4 காட்டும், அந்த நானூறு கிராமுக்காக வரிசையை விட்டு விலகி, பணம் கட்டும் கவுன்ட்டருக்குப் போய்த் திரும்ப வேண்டும். தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, 14 கிலோவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் முந்தின நாளே ஆன்லைனில் கூடுதல் எடைக்குக் கட்டிவிடுங்கள். கவுன்ட்டரில் கட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சரி, இப்போது டேக். காகித டேக்கில் பார்கோடுக்குக் கீழே பத்து இலக்க எண் இருக்கும். முதல் இலக்கத்துக்குப் பிறகு வரும் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியா என்றால் 098, இண்டிகோ என்றால் 312. மீதி ஆறும் உங்கள் பெட்டிக்கு உரியவை. உள்ளே பெல்ட்டில் ஓடும்போது அந்தப் பார்கோடைப் படித்துத்தான் இயந்திரம் பெட்டியை எந்த விமானத்துக்கு என்று பிரிக்கிறது. வாராவாரம் பறப்பவர்களின் பெட்டியில் போன வாரத்து டேக் தொங்கும். ஓரத்தில் அதற்கு முந்தின வாரங்களின் குட்டி ஸ்டிக்கர்கள் நாலைந்து ஒட்டியிருக்கும். அவற்றிலும் பார்கோடு உண்டு. இயந்திரம் இரண்டு எண்ணைப் படித்தால் குழம்பி, பெட்டியைக் கையால் பார்க்கும் இடத்துக்குத் தள்ளிவிடும். வீட்டுக்கு வந்ததும் பழைய டேக், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் நிறுவனம், அடிக்கடி பறக்கும் உறுப்பினர்களுக்கு ரேடியோ சில்லு பொருத்திய நிரந்தர டேக்கை 2010களின் தொடக்கத்திலேயே கொடுத்தது. உள்நாட்டுப் பயணத்தில் ஒவ்வொரு தடவையும் காகிதம் ஒட்ட வேண்டியதில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு இங்கேயும் அது வர வேண்டும் என்பது என் ஆசை. அது வரும்வரை, ஆன்லைனில் விற்கும் எலக்ட்ரானிக் டேக்கை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இனி வரிசை. டிஜியாத்ரா முனைய வாசலிலும் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் இடத்திலும் உங்கள் நேரத்தைக் குறைக்கும். பெட்டி வரிசைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அங்கே உதவுவது கியாஸ்க், அதாவது பயணிகள் தாங்களே போர்டிங் பாஸ் எடுத்துக்கொள்ளும் இயந்திரம். கியாஸ்க்கில் பெட்டி டேக்கும் அச்சிட முடிகிறதென்றால் அதை நீங்களே எடுத்து ஒட்டிவிட்டு, பெட்டியை மட்டும் போடுபவர்களுக்கான 'பேக் டிராப்' என்று போட்டிருக்கும் வரிசைக்குப் போங்கள். முழு செக்-இன் வரிசையில் நிற்காதீர்கள். பலர் வெப் செக்-இன் செய்துவிட்டும் பழக்கதோஷத்தில் பெரிய வரிசையிலேயே போய் நிற்கிறார்கள்.

டெல்லியிலிருந்து திரும்பும்போது உங்களுக்கு இன்னும் நல்ல வசதி இருக்கிறது. அங்கே ஒன்றாம், மூன்றாம் முனையங்களில் 2024 ஜூனில் சுமார் ஐம்பது தானியங்கிப் பெட்டி ஏற்பு இயந்திரங்களை நிறுவினார்கள். கியாஸ்க்கில் டேக் எடுத்து ஒட்டி, பெட்டியை இயந்திரத்தின் பெல்ட்டில் வைத்து, தடைசெய்த பொருள் எதுவும் இல்லை என்று திரையில் உறுதி சொன்னால் போதும். எடை பார்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். போர்டிங் பாஸை மறுபடி காட்ட வேண்டியதில்லை. பெட்டியைப் படுக்க வையுங்கள். ட்ராலிக் கைப்பிடியை உள்ளே தள்ளிவிடுங்கள், தொங்கும் வாரைச் செருகுங்கள், டேக் மேல்பக்கம் பார்த்திருக்கட்டும். இயந்திரம் ஏற்க மறுப்பது பெரும்பாலும் டேக் அடியில் மாட்டிக்கொள்வதால்தான்.

கூடுதல் கட்டணத்துக்குக் கிடைக்கும் முன்னுரிமை செக்-இன் பற்றிக் கேட்பீர்கள். திங்கள் காலைக்கு மட்டும் வாங்கலாம் என்பேன். அன்று கூட்டம் அதிகம், அந்தக் கட்டணத்துக்கு அர்த்தம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை டெல்லியில் இயந்திரம் இருக்கும்போது அது தேவையில்லை. உங்கள் விமானங்கள் பெரும்பாலும் ஏர் இந்தியா என்றால், அதன் உறுப்பினர் திட்டத்தில் கோல்ட் நிலைக்குப் போனதும் ஏர் இந்தியா சேர்ந்திருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்ட் சலுகைகளும் சேர்ந்து கிடைக்கும்: தனிக் கவுன்ட்டர், கூடுதல் எடை, இறங்கும் இடத்தில் பெட்டி முதலில் வருவதற்கான டேக். அதற்காக நேரம் ஒத்துவராத விமானத்தில் போக வேண்டாம்.

நேரத்தைப் பற்றி ஒன்று: உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். வெப் செக்-இன் செய்தவருக்கும் அதே விதிதான். மேலே சொன்னதையெல்லாம் செய்தாலும், பெட்டியைத் திறக்கச் சொன்னால் சமாளிக்க ஒரு இருபது நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதே ஸ்பேனர் செட்டையும் அதே வெர்னியர் காலிப்பரையும் ஏன் வாராவாரம் சுமக்கிறீர்கள்? குருகிராமில் உங்கள் டீலர் அல்லது கிளை அலுவலகம் இருந்தால் ஒரு செட் அங்கேயே இருக்கட்டும். கனமான சாம்பிளை வியாழக்கிழமையே கூரியரில் அனுப்பிவிட்டால், பல திங்கட்கிழமைகளில் 7 கிலோ கைப்பையோடு நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடலாம். கம்பெனியிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். கூரியர் செலவு, முன்னுரிமைக் கட்டணம், உங்கள் வேலை நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் மறுப்பது கடினம்.

கடைசியாக, வெள்ளிக்கிழமைப் பெட்டி. பழுதானது என்று வாடிக்கையாளர் திருப்பித் தரும் பாகத்தை அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர் என்று பெட்ரோலோ டீசலோ ஓடிய பாகமாக இருந்தால், துடைத்திருந்தாலும் உள்ளே மிச்சம் இருக்கும்; வாடையே காட்டிக்கொடுத்துவிடும். விமானத்தில் அதை ஏற்க மாட்டார்கள். தரைவழிக் கூரியரில், பயன்படுத்திய பாகம் என்று குறிப்பிட்டு, வாடிக்கையாளர் இடத்திலிருந்தே அனுப்பிவிடுங்கள்.