நீலத்திரைக்குக் காரணம் ரேமா, டிரைவரா?

கேள்வி: என் கணினியில் ஏற்கெனவே இருந்த 8 ஜிபி ரேமுடன் இன்னொரு 8 ஜிபி ரேமைச் சேர்த்தேன். அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு மூன்று முறை நீலத்திரை தோன்றிக் கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறது. திரையில் வரும் பிழைச்செய்தியும் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. விண்டோஸை இரண்டு முறை புதிதாக நிறுவியும் பயனில்லை. டிரைவர்களை எல்லாம் மாற்ற வேண்டுமா?

பதில்: டிரைவர்களை, அதாவது கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்களை, இப்போதைக்குத் தொடாதீர்கள். செய்தி ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தடயம். பழுதான டிரைவர் பெரும்பாலும் ஒரே மாதிரியான வேலையின்போது, ஒரே பிழைச்செய்தியுடன் கணினியை நிறுத்தும். நிரல்கள் ஓடும்போது தங்கும் நினைவகமான ரேம் பழுதானால், கெட்டுப்போன அந்த இடத்தில் அந்த நேரத்தில் எந்த நிரல் இருக்கிறதோ அதுவே விழும். ஆகவே இன்று 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றும் நாளை 'பேஜ் ஃபால்ட்' என்றும் செய்தி வரும்.

முதலில் கணினியை அணைத்து, மின் இணைப்பையும் துண்டித்துவிட்டுப் புதிய ரேமைக் கழற்றுங்கள். பழைய ரேமுடன் மட்டும் இரண்டு நாள் பயன்படுத்துங்கள். கோளாறு நின்றுவிட்டால், பழைய ரேம் இருந்த அதே ஸ்லாட்டில் புதியதைத் தனியாகப் பொருத்திப் பாருங்கள். அங்கும் நீலத்திரை வந்தால் பழுது புதிய ரேமில்தான். வராவிட்டால் இரண்டாவது ஸ்லாட்டையோ, இரண்டு ரேமும் ஒத்துப்போகாததையோ சந்தேகிக்க வேண்டும். வேகம் வேறுபட்ட இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டுவிட்டு, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. வசதியையும் இயக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி நேர்கிறது. அதை அணைத்தாலே சரியாகிவிடுவதும் உண்டு. ரேமைத் திரும்பப் பொருத்தும்போது ஓரத்துக் கொக்கி 'கிளிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த ரேமும் இதே கூத்தைத்தான் செய்யும்.

சோதிப்பதற்கு விண்டோஸிலேயே 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது. அது மேலோட்டமான சோதனை என்பதால், பழுதில்லை என்று அது சொன்னதோடு நிறுத்திவிடாமல், பென் டிரைவிலிருந்து இயங்கும் மெம்டெஸ்ட்86 நிரலை இரவு முழுதும் ஓடவிடுங்கள். அதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும், 'ஒன்றுதானே' என்று விட்டுவிடக் கூடாது.

ரேம் தேறிவிட்டால் மட்டுமே டிரைவரைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்ற கோப்புறையில் ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு பதிவு இருக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச நிரல் அதைப் படித்து, தொடர்புடைய கோப்பின் பெயரைக் காட்டும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் கோப்பையே அது காட்டினால் அதைக் குற்றவாளியாக எண்ண வேண்டாம். பல நேரங்களில் அது அடிவாங்கிய கோப்பு, அடித்தது வேறொன்று. கிராஃபிக்ஸ், வைஃபை போன்றவற்றின் டிரைவர் திரும்பத் திரும்ப அகப்பட்டால், டிவைஸ் மேனேஜரில் அதன் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்தி முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள்.

நீங்கள் இரண்டு முறை விண்டோஸ் நிறுவியபோதும் இந்த ரேம் உள்ளேயே இருந்திருக்கிறது. நிறுவும் கோப்புகள் யாவும் ரேம் வழியாகவே வட்டுக்குச் செல்வதால், அவற்றில் சில சிதைந்தே பதிந்திருக்கலாம். ஆகவே ரேம் பழுதைச் சரிசெய்த பிறகு, விண்டோஸை இன்னொரு முறை நிறுவுவது நல்லது.