மார்லின் 336-ஐக் குறைந்த செலவில் .50 அலாஸ்கனாக மாற்ற முடியுமா?

கேள்வி கேட்டவரிடம் .30-30 என்ற தோட்டா போடும் மார்லின் 336 லீவர் ரைபிள் (கைப்பிடி லீவரைத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பணத்தில் அதை .50 அலாஸ்கன் என்ற பெரிய தோட்டா சுடும் ரைபிளாக ஆக்கிவிட முடியுமா என்கிறார். 336-ல் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். வேறு லீவர் ரைபிளில் செய்யலாம், பலர் செய்திருக்கிறார்கள், ஆனால் செலவு நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

நான் அலாஸ்காவில், ஆங்கரேஜ் பக்கம் இருக்கிறேன். இங்கே பழுப்புக் கரடி நடமாடும் ஆற்றங்கரையில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் பெரிய காலிபர் லீவர் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு போவது சாதாரணம். .50 அலாஸ்கன் பிறந்ததும் இந்த மண்ணில்தான். கீனாய் தீபகற்பத்தில் கூப்பர் லேண்டிங் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த ஹெரால்ட் ஜான்சன் என்ற கன்ஸ்மித் (துப்பாக்கி செப்பனிடுபவர்) 1950-களில் வின்செஸ்டரின் .348 தோட்டாக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை விரித்து முதலில் .450 அலாஸ்கன், அப்புறம் .50 அலாஸ்கன் என்று செய்தார். அப்போது .50-க்கு ஏற்ற வேட்டைக் குண்டு கடையில் கிடைக்காது. அவர் ராணுவத்தின் .50 மெஷின்கன் குண்டை வாங்கி இரண்டாக வெட்டி, பின்பாதியைத் தலைகீழாகத் திருப்பிக் கூட்டில் பொருத்தினார். இல்லாத ஊரில் இருப்பதை வைத்து வேலை முடித்த மனிதர், அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அவருக்கு மலிவாக இருந்தது நமக்கு மலிவு கிடையாது. அவர் கையில் எடுத்தது வின்செஸ்டர் மாடல் 71. 1935-ல் வந்து 1950-களின் கடைசியில் நின்றுபோன ரைபிள், மொத்தமே ஐம்பதாயிரத்துக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். அன்றைக்கு அது சாதாரண வேட்டைத் துப்பாக்கி, இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் சரக்கு. நல்ல நிலையில் உள்ள ஒரு 71-ஐ வாங்கி அதன் பேரலை, அதாவது குழலை, கழற்றுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

சரி, 336 ஏன் கூடாது? .30-30 கூட்டின் அடி 0.42 அங்குலம் அகலம், அதற்கு விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு. அடியின் பரப்பளவோடு பெருக்கிப் பார்த்தால், கூட்டைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்டின் முகத்தில் தோராயமாக 5,800 பவுண்டு உதை விழுகிறது. பெரிய லீவர் ரைபிள்களில் வரும் .45-70 கூடு அதைவிடப் பெரியது, 0.505 அங்குலம், ஆனால் அது 1873-ல் வந்த பழைய ராணுவத் தோட்டா என்பதால் உச்ச அழுத்தம் 28,000 தான், உதை ஏறக்குறைய அதே 5,600. .50 அலாஸ்கனின் அடியோ 0.553. அதில் .30-30 அளவு அழுத்தத்தை வைத்தால் பத்தாயிரம் பவுண்டைத் தொட்டுவிடும். அதோடு தோட்டா உட்காரும் சேம்பரை அகலப்படுத்த அகலப்படுத்த, பேரல் ரிசீவருக்குள் (துப்பாக்கியின் நடு உடல்) திருகப்படும் இடத்தில் சுற்றியிருக்கும் இரும்பு மெலிந்துகொண்டே போகும். உங்கள் முகம் அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வலிமை போதும் என்றே வைத்துக்கொண்டாலும் அடுத்த தலைவலி தோட்டா உள்ளே ஏறுவது. ஒரு கன்ஸ்மித் பட்டறையில் மாற்றிய ரைபிள் ஒன்றை மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டுச் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். லீவரைக் கீழே தள்ளினால் மேகசின் குழாயிலிருந்து தோட்டா பின்னால் வழுக்கி, தூக்கும் தகட்டின்மேல் உட்கார வேண்டும். அது உட்கார்ந்தது, தகடு உயர்ந்தது, ஆனால் குண்டின் தட்டை மூக்கு சேம்பர் விளிம்பின் அடியில் இடித்து அங்கேயே நின்றுவிட்டது. அவர் தகட்டை எடுத்து, அரத்தால் மயிரிழை அளவு தேய்த்து, மாட்டி, மறுபடி லீவரைத் தள்ளி, மறுபடி கழற்றி, சாயங்காலம் வரை இதையேதான் செய்துகொண்டிருந்தார். பேரல் மாற்றும் கூலியைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள், பில்லை ஏற்றுவது இந்த நேரம்தான். தட்டை மூக்கிலும் விட்டுக்கொடுக்க முடியாது. குழாய் மேகசினில் ஒரு குண்டின் நுனி முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியில் அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் பகுதி) முட்டிக்கொண்டிருக்கும், கூர்மூக்குக் குண்டைப் போட்டால் ஒரு குலுக்கலில் உள்ளேயே வெடிக்கலாம்.

அப்புறம் தோட்டாச் செலவு. .50 அலாஸ்கன் ஊர்க்கடையில் இருக்காது. ஓரிரு சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், இல்லையென்றால் தோட்டா நிரப்பும் ரீலோடிங் கருவி, கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் டை, கூடு எல்லாம் வாங்கி வீட்டிலேயே நிரப்ப வேண்டும். ரைபிளில் மிச்சம் பிடித்த பணம் இங்கே போய்விடும்.

எனவே பட்ஜெட் முக்கியம் என்றால் உங்கள் 336-ஐ அப்படியே மானுக்கு வைத்துக்கொண்டு, பழைய மார்லின் 1895 ஒன்றை .45-70-யிலேயே தேடுங்கள். 1972 முதல் வருகிறது, நல்ல பழைய துப்பாக்கிகள் கிடைக்கின்றன. நவீன 1895-க்கென்றே சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் நிரப்பிய தோட்டாக்களும் விற்கிறார்கள் (.45-70-ன் பழைய ராணுவத் துப்பாக்கியான டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டில் அவற்றைப் போடவே கூடாது). கரடிக்கு எதிரில் அது போதும் என்பது என் கருத்து. அதே ரகத்தில் .450 மார்லின் என்ற தோட்டா 2000-ல் வந்தது, பிரபலமாகவில்லை, அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இல்லை, எனக்கு .50 தான் வேண்டும் என்றால் ஜப்பானில் மிரோகு நிறுவனம் செய்யும் புதிய வின்செஸ்டர் 1886 போன்ற பெரிய ரிசீவர் ரைபிளில் தொடங்குங்கள், லீவர் ரைபிள் மாற்றுவதையே தொழிலாக வைத்திருக்கும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள். மேகசின் நிறைய டம்மி போட்டு வேகமாகவும் மெதுவாகவும் ஏற்றிக் காட்டும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். .50 அங்குலத்தைத் தாண்டிய குழல் துளை அமெரிக்கச் சட்டத்தில் வேறு வகைக்குள் போய்விடும், விதிவிலக்கு வாங்க வேண்டியிருக்கும், அதனால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றியமைப்பதே குற்றம், வைத்துக்கொள்ளும் லைசன்ஸ் அதற்குச் செல்லாது.